சளியோடு கடலுக்குள் இறங்கலாமா?

கேள்வி: வயது 36. ஸ்கூபா (காற்றுக்குடுவையோடு நீருக்குள் மூழ்கும்) பயிற்சி முடித்திருக்கிறேன். அடுத்த மாதம் பாலித் தீவின் துலாம்பென் கடற்கரையருகே மூழ்கிக் கிடக்கும் லிபர்டி கப்பலைப் பார்க்கப் போகிறேன். பயிற்சியிலேயே காது வலித்தது. எனக்கு அடிக்கடி சளி பிடிக்கும். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா? ஆழமில்லாத இடம்தானே?

பதில்: உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. காதுக்கு ஆழமில்லாத நீர்தான் பெரும்பாடு. கடல்மட்டத்தில் உள்ள அழுத்தம் முதல் 10 மீட்டரிலேயே இரண்டு மடங்காகிவிடுகிறது. இன்னொரு 10 மீட்டர் இறங்கினால் அதிலிருந்து ஒன்றரை மடங்குதான். 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிக் கரையேற்றப்பட்டு, 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த அந்தக் கப்பலின் மேற்பகுதி ஏறக்குறைய 5 மீட்டரிலேயே தொடங்குகிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே செவிப்பறை திணறிவிடும்.

நடுக்காதையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் மெல்லிய குழாய் சளியில் வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது செவிப்பறை உள்நோக்கி அழுந்தும். ரத்தம் கட்டும், கிழியவும் செய்யும். கிழிந்த வழியே குளிர்ந்த நீர் புகுந்தால் தலை சுற்றும். நீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்றே தெரியாது.

மாத்திரையை நம்பி இறங்காதீர்கள். பாதியில் அதன் வீரியம் குறைந்தால் மேலே ஏறும்போது காதுக்குள் அகப்பட்ட காற்றுக்கு வெளியேற வழியிருக்காது. இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம்; ஏறும்போது வலித்தால் ஏறித்தான் ஆகவேண்டும்.

சளி இல்லாத நாளில் கால் கீழே இருக்கும்படி மெல்ல இறங்குங்கள். வலி வரும்வரை காத்திருக்காமல், மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாக ஊதிக்கொண்டே போங்கள். காது திறக்காவிட்டால் சற்று மேலேறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதினால் உள்காது பழுதாகும். மேலே வரும்போது மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் ஏற்றம்கூட நுரையீரலைக் கிழித்துவிடும்.

துருப்பிடித்த தகடு கீறலாம் என்பதால், டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பல முறை மூழ்கினால், கடைசி முறைக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறவேண்டாம்.

பயிற்சியிலேயே வலித்ததால், கிளம்பும் முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் செவிப்பறையைக் காட்டிவிடுங்கள். அங்கே போனபின் சளி பிடித்தாலும் மனம் தளரவேண்டாம். கப்பல் கரையிலிருந்து நாற்பது மீட்டருக்குள்தான் இருக்கிறது. கடல் அமைதியாக இருந்து, காய்ச்சலும் இல்லையென்றால், ஸ்நார்கெல் (நீர்மட்டத்தில் மூச்சுவிட உதவும் குழாய்) மாட்டிக்கொண்டு, முங்காமல் மிதந்தபடியே மேற்பகுதியைப் பார்த்துவிடலாம்.