சொல் செல்லுமா, செல்லாதா? குறுக்கெழுத்து வாசகர்களின் ஐயங்களுக்குப் பதில்கள்

‘வளவு’ என்று கட்டங்களை நிரப்பினேன். அப்படியொரு சொல்லே இல்லை என்று வெளியூர் உறவினர் மறுக்கிறார். எங்கள் வீட்டுப் புழக்கச் சொல் செல்லாதா? (வாசகி, காரைக்குடி)

தாராளமாகச் செல்லும். வளவு நம் பகுதியில் மட்டும் வாழும் சொல் அன்று. வீடு என்ற பொருளில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலேயே இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தாங்கி நிற்கும் அந்த அகராதியைப் பழஞ்சொல்லுக்கும், 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை இன்றைய வழக்குக்கும் பார்ப்பது நல்லது. எந்த அகராதியின் சொல் தீர்ப்பு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் அகராதியை மாற்றுவது எதிரே இருப்பவருக்குச் செய்யும் அநீதி.

எழுத்துகளை இடம்மாற்றி வேறு சொல் காணும்போது எதை ஓர் எழுத்தாகக் கொள்வது? உயிரையும் மெய்யையும் பிரிக்கலாமா? (வாசகர், தேவகோட்டை)

பிரிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று இலக்கணம் எண்ணும் 247இல் ஒன்றே ஒரு கட்டத்துக்கு உரியது. நம் வீடுகளின் வாசலிலேயே இதற்குச் சான்று கிடைக்கும். ‘வாசல்’ என்பதை வா, ச, ல் என்று மூன்று அட்டைத் துண்டுகளில் எழுதித் தரையில் பரப்பி, முதல் இரண்டையும் இடம்மாற்றினால் ‘சவால்’. ‘கதவு’ அவ்வாறே ‘தகவு’ ஆகிவிடும். தகவு வழக்கொழிந்த சொல்லாயிற்றே என்று தயங்க வேண்டாம், “தக்கார் தகவிலர்” என்று குறள் படித்த எவருக்கும் அது தெரிந்ததுதான். “குழம்பிய கதவில் தெரியும் தகுதி (3)” என்று குறிப்பெழுதினால், குழம்பிய என்ற சொல்லே எழுத்துகள் இடம்மாறுவதைச் சுட்டிவிடும்; அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துகளின் எண்ணிக்கை.

சரிபார்ப்பதற்கு இரு சொற்களின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்குங்கள். நகரம், நரகம் இரண்டும் க, ந, ம், ர என்றே அமைவதால் ஐயத்துக்கு இடமில்லை. நான்கு வெவ்வேறு எழுத்துகளை 24 வகையாக அடுக்கலாம்; அவற்றுள் பொருள் தருபவை ஒன்றிரண்டுதான் என்பதால்தான் ஓர் இணை அகப்படும்போது அத்தனை மகிழ்ச்சி.

என் மகன் எழுதிய கணினி நிரல், ‘செட்டிநாடு’ என்ற சொல்லுக்குப் பத்து எழுத்து என்கிறது. பிழை எங்கே? (வாசகர், கோட்டையூர்)

கணினியில் எழுத்துகளைப் பதியும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் அகரமேறிய மெய்க்கு ஒரு குறியும், அதன்மேல் வரும் கொம்பு, கால், புள்ளி முதலியவற்றுக்குத் தனிக்குறியும் உண்டு. செ, ட், டி, நா, டு ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டாகப் பத்துக் குறிகள். நிரல் அவற்றையே எண்ணியிருக்கிறது. துணைக்குறியை அதன் முன்னுள்ள மெய்யோடு சேர்த்து ஒன்றாக எண்ணச் சொல்லுங்கள். ‘கொ’ போன்ற எழுத்தை ஒரே துணைக்குறியாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் பதிய முடியும்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு என்பதால், ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

‘வீட்டை’, ‘மரங்கள்’ ஆகியவற்றை ஏற்கலாமா? (வாசகி, பள்ளத்தூர்)

வேற்றுமை ஏற்ற வடிவத்தை நான் ஏற்பதில்லை. பன்மையைக் குறிப்பே கேட்டால் ஏற்பேன்.

ரயில், லட்டு போன்றவை மொழிமுதல் விதிக்கு மாறானவை அல்லவா? (வாசகர், கானாடுகாத்தான்)

ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது உண்மையே. ஆயினும் இன்றைய அகராதியில் ஏறிவிட்ட சொல்லை விலக்குவது முறையன்று. இந்த விதியின் மறுபுறம் உங்களுக்குக் கைகொடுக்கும்: க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. எனவே கடைசிக் கட்டத்தில் இவற்றுள் ஒன்று விழுந்தால், ‘பார்க்’ போன்ற பிறமொழிச் சொல்லாக இல்லாதவரை, குறுக்கே வரும் விடையை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.