அப்பளம் ஏன் சுருளுகிறது?

கேள்வி: உளுந்து அப்பளம் இட்டு மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். ஓரம் வெடித்துக் கிண்ணம் போலச் சுருண்டுவிட்டது. பொரித்தால் பொங்கவும் இல்லை. என்ன தவறு? – வாசகி, மதுரை

பதில்: மாவில் தவறில்லை அம்மா, வெயில்தான் கூடிவிட்டது. நான் கல்லிடைக்குறிச்சியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அப்பளத்தை உச்சி வெயிலில் போட விடவே மாட்டார்கள். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நிழலிலேயே காய வைப்பார்கள்.

கடும் வெயிலில் மெல்லிய ஓரம் முதலில் உலர்ந்து சுருங்கும். நடுப்பகுதி இன்னும் ஈரமாக இருப்பதால் ஓரம் இழுத்து மடங்கும், வெடிக்கும். அப்புறம், அப்பளம் பொங்குவதே உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் சூடான எண்ணெயில் ஆவியாவதால்தான். 12 முதல் 15 சதவீதம் ஈரம் நிற்க வேண்டும். அதையும் வெயில் உறிஞ்சிவிட்டால் பொங்குவதற்கு என்ன இருக்கிறது?

அடுத்த முறை நிழலில் உலர்த்தி நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கையில் எடுத்தால் தொய்யக் கூடாது, வளைத்தால் பட்டென்று ஒடியவும் கூடாது. அந்தப் பதத்தில் அடுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிடுங்கள். தொய்வாக எடுத்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

கறிவடகம் மட்டும் வேறு கதை. சின்ன வெங்காயமும் உளுந்தும் சேர்ந்த உருண்டை மேலே உலர்ந்தாலும் உள்ளே ஈரமாகவே கிடக்கும். அதைத் தினமும் மாலையில் உதிர்த்துப் பிசைந்து, திரும்ப உருட்டி, நல்ல வெயிலிலேயே வையுங்கள்.