பட்டியாலா அரசை நிறுவிய சீக்கியத் தலைவர் ஆலா சிங் ஏன் இத்தனை முறை பக்கம் மாறினார்? அவரைப் பச்சோந்தி என்று சொல்வது சரியா?

பச்சோந்தி என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்குமுன் அவருடைய நிலம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பர்னாலா, சுனாம், பட்டியாலா எல்லாம் சட்லெஜுக்குத் தெற்கே, மால்வா சமவெளியில் உள்ளவை. லாகூரிலிருந்து டெல்லிக்குப் போகும் படை சிர்ஹிந்த் வழியாகத்தான் போக வேண்டும். சீக்கியர்களின் கூட்டுப்படையான தல் கால்சாவின் குதிரை வீரர்கள் அடித்துவிட்டுக் காட்டுக்குள் மறைந்துவிடலாம். நூற்றுக்கணக்கான கிராமங்களில் வரி வசூலிப்பவர் விளைச்சலைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவார்?

1748-ல் ஆப்கன் மன்னர் அகமது ஷா அப்தாலிக்கு எதிரான மனுப்பூர் போரில் ஆலா சிங் முகலாயர் பக்கம் நின்றார். பானிபட்டில் அதே அப்தாலியோடு மோதிய மராட்டியருக்குத் தானியம் அனுப்பினார். அவர்கள் தோற்றதும், 1761-லேயே அப்தாலிக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டு, 726 கிராமங்களுக்கு உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார். தல் கால்சா கொதித்துப்போய் அபராதம் விதித்தது. விவகாரம் பெரிதாகாமல் காப்பாற்றியவர் தல் கால்சாவின் தலைவர் ஜஸ்ஸா சிங் அலுவாலியா.

அவர் மீதான குற்றச்சாட்டுகளில் கனமானது 1762 பிப்ரவரியில் நடந்தது. குப் என்ற ஊருக்கு அருகே அப்தாலியின் படை சீக்கியக் குடும்பங்களை வளைத்து வெட்டியது. அடைக்கலம் கிடைக்கும் என்று நம்பி, அவர்கள் போரிட்டபடியே பர்னாலாவை நோக்கி நகர்ந்தார்கள். ஆலா சிங் அசையவில்லை. இந்த ஒன்றுக்கு எந்த நியாயமும் எடுபடாது என்பதே என் எண்ணம். ஒதுங்கி நின்றும் அவர் தப்பவில்லை. அப்தாலி பர்னாலாவைச் சூறையாடி அவரைப் பிடித்தான். தலைமுடியை மழிக்க உத்தரவிட்டபோது, கேசத்தைக் காக்க அவர் 1,25,000 ரூபாய் கொடுத்தார் என்பது மரபு வரலாறு. கப்பப் பணம் தனி.

சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று நின்றவர் ஒரு காலையும் முழுசாக எடுக்கவில்லை. 1764 ஜனவரியில் சீக்கியப் படைகள் சிர்ஹிந்தின் ஆப்கன் ஆளுநர் ஜைன் கானைக் கொன்று நகரைப் பிடித்தபோது அவரும் உடன் இருந்தார். நகரம் புத்தா சிங் என்ற சீக்கியருக்குப் போனது. அவரிடமிருந்து 25,000 ரூபாய்க்கு அதை ஆலா சிங் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டே, ஆளுநரை இழந்த அதே அப்தாலி அவருக்கு ராஜா பட்டமும் முரசும் கொடியும் தந்தான். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் கப்பம் என்று பேச்சு. அப்தாலிக்கும் வேறு வழியில்லை: காபூலில் உட்கார்ந்துகொண்டு மால்வாவில் வசூல் செய்ய உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும்.

1765 ஆகஸ்டில் ஆலா சிங் இறந்தார். பேரன் அமர் சிங் பட்டத்துக்கு வந்தார்.

நாணயம் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பட்டியாலா ரூபாயில் அகமது ஷா துரானியின் (அப்தாலிதான்) பெயர், சிர்ஹிந்த் நாணயச் சாலை, ஆட்சியாண்டு 4 என்றுதான் இருக்கும். அதை நம்பிக் காலம் கணித்தால் தப்பாகும். 1809-க்குப் பின் ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்தபோதும் அதே வாசகத்தையே அச்சடித்தார்கள். எந்த மன்னர் காலத்தது என்பதை ஓரத்திலுள்ள சின்னச் சின்னக் குறிகளை வைத்துத்தான் பிரிக்க முடியும்.