வட கரோலினா மகளிர் கால்பந்து அணி 2018 முதல் 2023 வரை சீசனின் கடைசியில் தோற்றுக்கொண்டே இருந்தது ஏன்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தில் வேறெந்த அணியும் நெருங்க முடியாத அளவுக்குப் பட்டங்களைக் குவித்த வட கரோலினா பல்கலைக்கழக அணி, 2018 முதல் 2023 வரை ஒவ்வொரு சீசனிலும் தேசியத் தொடரில் தோற்று வெளியேறியது. வீராங்கனைகளின் மன உறுதி போதவில்லையா, அல்லது ஆட்டத் திட்டத்திலேயே குறை இருந்ததா?

திட்டத்தில்தான் குறை இருந்தது என்பது என் கருத்து. வட கரோலினா மாநிலத்தின் கேரி நகருக்கு அருகில் வசிப்பவன் என்பதால் இந்த அணியின் ஆட்டங்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். அச்சத்தால் தோற்ற அணியாக அது எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. முன்னிலை பெற்ற பிறகு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்ளாத அணியாகவே தோன்றியது. மன உறுதி இல்லாத ஓர் அணி ஆறு சீசன்களில் மூன்று முறை இறுதியாட்டம் வரை வந்திருக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.

தோல்விகளின் வரிசை இது. 2018 இறுதியாட்டத்தில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 1-0. 2019 இறுதியாட்டத்தில், கூடுதல் நேரம் முடிந்தும் கோலே விழாத நிலையில், ஸ்டான்ஃபோர்டிடம் பெனால்டியில் 5-4. கொரோனாவால் 2021 மே மாதத்துக்குத் தள்ளிப்போன 2020 சீசனின் அரையிறுதியில் சாண்டா கிளாராவிடம் 3-1. 2021 நவம்பரில் முதல் சுற்றிலேயே தென் கரோலினாவிடம் 1-0. 2022 இறுதியாட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திடம் 3-2, 2023 காலிறுதியில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திடம் 4-3. இவை போக, இவ்விரு அணிகளும் இடம்பெறும் கல்லூரி லீக்கான ஏ.சி.சி.யின் தொடர் இறுதியாட்டங்களில் 2018, 2020, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வட கரோலினா புளோரிடா மாநில அணியிடமே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்வது நேர்மையாகாது. பெனால்டியில் முடிந்த 2019 ஆட்டத்தை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்லூரிக் கால்பந்தின் ஏடுகளிலும் அது சமநிலை என்றுதான் பதிவாகும். 1-0 என்ற முடிவுகளில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் 2022, 2023 ஆகிய இரண்டு ஆட்டங்களையும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2022 டிசம்பர் 5 அன்று கேரியில் நடந்த இறுதியாட்டத்தில், ஏவரி பேட்டர்சன் இரண்டாம் பாதியில் தலையால் முட்டி அடித்த இரண்டு கோல்களால், ஏறத்தாழ கால் மணி நேரம் எஞ்சியிருக்கையில் வட கரோலினா 2-0 என முன்னிலையில் இருந்தது. எண்பதாவது நிமிடத்தில் யூ.சி.எல்.ஏ.வின் லெக்ஸி ரைட் ஒரு கோலைத் திருப்பினார். ஆட்டம் முடிய 16 நொடிகளே இருந்தபோது, கார்னரிலிருந்து வந்த பந்தை ரெய்லின் டர்னர் தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் இரண்டாம் பகுதியில், 107ஆவது நிமிடத்தில், மாரிகார்மென் ரெயெஸ் அடித்த கோலோடு பட்டம் கலிஃபோர்னியாவுக்குப் போனது.

உலகின் பிற பகுதிகளில் கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். கல்லூரிக் கால்பந்தில் கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து பூச்சியத்தை நோக்கி இறங்கும். நடுவர் தன் விருப்பப்படி சேர்க்கும் கூடுதல் நிமிடங்கள் கிடையாது. ஆகவே முன்னிலையில் இருக்கும் அணிக்கு இன்னும் எத்தனை நொடிகள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பலகையிலேயே தெரியும். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்த்தி, எதிரணியை ஓடவிட்டு நேரத்தைக் கரைக்கும் கலைக்கு இதைவிடச் சாதகமான விதி வேறு இருக்க முடியாது. அந்தக் கலைதான் வட கரோலினாவின் பாடத்திட்டத்தில் இல்லை.

இல்லாமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் 1979இல் தொடங்கிய இந்த மகளிர் அணி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1982இல் மகளிர் தொடரை நடத்தத் தொடங்கியதிலிருந்து 2012 வரை 21 பட்டங்களை வென்றது. அவற்றில் 1986 முதல் 1994 வரை தொடர்ச்சியாக ஒன்பது. அந்த வெற்றிகளின் அடிப்படை மிக எளிமையானது: முன்னால் மூவரை நிறுத்தி, எதிரணி தன் பாதியிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே நெருக்கிப் பந்தைப் பறித்து, பறித்த இடத்திலிருந்தே கோலை நோக்கிப் பாய்வது. 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றபோதும் பயிற்சியாளர் அவர்தான், பாணியும் இதுவேதான். நெருக்கடியில் பந்தை ஏற்று, திரும்பி, சரியான இடத்துக்கு அனுப்பத் தெரிந்த தற்காப்பு வீராங்கனைகள் பிற கல்லூரிகளில் அப்போது அரிது. 1982 தொடரில் ஆடியவை 12 அணிகள், இன்று 64. இன்றைய மாணவிகளில் பலர் சிறுவயது முதல் கழக அணிகளில் பந்தைக் காத்து ஆடப் பழகியவர்கள். சிலர் கல்லூரிக்கு வரும்போதே தங்கள் நாட்டின் இளையோர் அணிகளில் ஆடியிருப்பார்கள். நெருக்கினால் பதறும் எதிரணி என்ற அனுமானம் காலாவதியாகிவிட்டது. மார்க் கிரிகோரியன் பயிற்சியில் புளோரிடா மாநில அணி பொறுமையாகப் பந்தைச் சுழற்றி, நெருக்க வருபவர்களைச் சோரவைத்து, அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் ஆடியது. அதே அணி திரும்பத் திரும்ப வட கரோலினாவை வென்றதில் வியப்பில்லை.

நெருக்கி ஆடும் முறைக்கு எரிபொருள், களைப்பில்லாத கால்கள். அதற்காகவே டோரன்ஸ் மாற்று வீராங்கனைகளை ஒருவர் இருவராக அல்லாமல் கூட்டமாக இறக்கினார். முதல் பாதியில் வெளியேறியவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது என்றாலும், இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்பலாம் என்று கல்லூரி விதி அனுமதிப்பதால் இந்த உத்தி சாத்தியமாகிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், இரண்டாம் வரிசை மெலிந்த அணிகளுக்கு எதிராக, இது கண்கூடாக வேலை செய்யும். நவம்பரில் நிலைமை வேறு. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் என்ற கணக்கில் ஏறத்தாழ மூன்று மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடி முடித்து, எஞ்சியிருக்கும் எதிரணிகள் எல்லாம் வலுவானவையாக ஆகும்போது, மொத்தமாக ஆள் மாற்றுவது புத்துணர்ச்சியை மட்டும் தருவதில்லை. ஆட்டத்தின் போக்கைக் கைக்குள் வைத்திருந்த நடுக்களத்தையும் சேர்த்தே கலைத்துவிடுகிறது. யார் யாருக்குப் பின்னால் நிற்பது, மோதலில் சிதறி விழும் இரண்டாவது பந்துக்கு யார் போவது என்பன போன்ற சிறு புரிதல்கள் ஒவ்வோர் அலைக்கும் புதிதாக உருவாக வேண்டியிருக்கிறது.

பயிற்சி முறையையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு பயிற்சியிலும் யார் வென்றார், யார் தோற்றார் என்று எண்களாகப் பதிந்து, வீராங்கனைகளைத் தரவரிசைப்படுத்துவது டோரன்ஸின் புகழ்பெற்ற வழக்கம். ஒருவரோடு ஒருவர் மோதிப் பந்தைக் கைப்பற்றும் குணத்தை அது அபாரமாக வளர்த்தது. மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி முதலானோர் அங்கிருந்து வந்தவர்கள். ஆனால் அளக்கப்படுவதைத்தான் வீராங்கனை வளர்த்துக்கொள்வார். மோதலில் வெல்வது தாளில் ஏறும். மோதலையே தவிர்த்து, பந்தைப் பின்னோக்கிக் கொடுத்து, முப்பது நொடிகளை அமைதியாகக் கழிப்பது அத்தகைய தாளில் எளிதில் ஏறாது. பின்னால் மூவர் நின்றாலும் நால்வர் நின்றாலும் இந்தக் குணம் மாறப்போவதில்லை. எனவே தற்காப்பில் எத்தனை பேர் என்ற வழக்கமான விவாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

2023 காலிறுதி இதைக் கிட்டத்தட்ட ஆய்வுக்கூடத்தில் வைத்துக் காட்டியது. ஆட்டம் நடந்த, பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இருக்கும் யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து போகும் அணிக்கு மூச்சு வாங்கும் இடம். அங்கே 3-0 என்று முன்னிலை பெற்ற அணி செய்யவேண்டியது ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதுதான். ஆனால் இரண்டாம் பாதியில் எதிரணி நான்கு கோல்களை அடித்தது. முதல் கோலுக்கும் இரண்டாவது கோலுக்கும் இடையில் ஆட்டத்தைத் தணித்திருக்க வேண்டும் என்று எழுதுவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரிகாம் யங் அணியும் அன்று சாதாரணமாக ஆடவில்லை. அடுத்த ஜனவரியில், தொழில்முறை லீக்கின் அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் தேர்வில் முதல் இடத்தில் ஆலி சென்ட்னரும் இரண்டாம் இடத்தில் சேவி கிங்கும் எடுக்கப்பட்டார்கள். இருவரும் வட கரோலினா வீராங்கனைகள். எனவே திறமைப் பஞ்சம் என்ற விளக்கமும் செல்லாது.

இதற்கெல்லாம் டோரன்ஸ் ஒருவர்மேல் பழி போடுவதா என்று கேட்டால், பாதி போடலாம் என்பேன். வேறொரு பயிற்சியாளர் அந்தப் பாணியைக் கைவிட்டிருந்தால், இறுதியாட்டங்களுக்கே வராமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. நான் குறையாகச் சொல்வது நெருக்கி ஆடுவதை அல்ல. முன்னிலையில் இருக்கும் கடைசி இருபது நிமிடங்களுக்கென்று தனியான ஒரு முறையை அதனோடு சேர்க்காததைத்தான்.

2024 ஆகஸ்ட்டில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். அவருடைய துணைப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். முந்தைய அணியிலிருந்து பலர் வெளியேறி, இளையவர்கள் நிறைந்திருந்த அந்த அணி அரையிறுதியில் டியூக்கை 3-0 என்றும், டிசம்பர் 9 அன்று கேரியில் நடந்த இறுதியாட்டத்தில் வேக் ஃபாரஸ்டை 1-0 என்றும் வென்று, 12 ஆண்டுகளுக்குப் பிறகு 22ஆவது பட்டத்தைப் பெற்றது. ஒரே ஒரு சீசனை வைத்து என் வாதம் நிரூபணமாகிவிட்டதாகச் சொல்லமாட்டேன்; நஹாஸும் அதே பள்ளியில் பல ஆண்டுகள் இருந்தவர்தான். ஆயினும் கார்னர் கிக்கில் ஒலிவியா தாமஸ் இரண்டாம் பாதியில் அடித்த அந்த ஒற்றைக் கோலை, அடுத்த கோலைத் தேடி எல்லோரும் முன்னால் பாயாமல், கடைசி விநாடி வரை காத்து நின்றார்கள் என்பது 2022 ஆட்டத்தைப் பார்த்தவர்களின் கண்ணுக்குத் தப்பியிருக்காது.