ஹோம்ஸ்கூலிங் ஆரம்பிக்கலாமா அக்கா?

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அந்த உரிமையிலேயே பதில் எழுதுகிறேன். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கம் வந்து நான்கு மாதம். கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, உங்களுக்கு அதைச் சார்ந்த ஹெச்-4 குடும்ப விசா. மகளுக்கு ஆகஸ்டில் 6 வயது ஆகிறது, மகனுக்கு 3. ஊரில் நல்ல வேலையில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறீர்கள். சபையில் யாரோ ஹோம்ஸ்கூலிங், அதாவது பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றிச் சொன்னார்கள், கூடவே "இங்குள்ள பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை விசுவாசத்தை விட்டுப் போய்விடும்" என்றும் சொன்னார்கள். அதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி சரியா, விசாவுக்கு ஏதாவது ஆகுமா, ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். டெக்சாஸில் 6 வயதிலிருந்து பிள்ளை படித்தாக வேண்டும். வீட்டில் படிப்பதும் அதில் சேரும். 1994-இல் லீப்பர் வழக்கில் இந்த மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப்பள்ளியைத் தனியார் பள்ளிக்குச் சமமாக வைத்துவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு, இந்த ஐந்தும் பாடத்தில் இருக்க வேண்டும். பேருக்கு என்றில்லாமல் உண்மையாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அரசிடம் பதிவு கிடையாது, தேர்வு கிடையாது, அம்மாவுக்கு ஆசிரியர் பட்டமும் தேவையில்லை. உங்கள் மகள் இன்னும் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்பதால் யாருக்கும் கடிதம்கூடக் கொடுக்க வேண்டாம். சேர்த்துவிட்டுப் பிறகு நிறுத்துவதாக இருந்தால்தான், இந்தத் தேதியிலிருந்து வீட்டில் படிக்கிறாள் என்று பள்ளிக்கு எழுத்தில் தர வேண்டும்.

ஆனால் இது டெக்சாஸ் சட்டம் மட்டும். கணவரின் வேலை வேறு மாநிலத்துக்குப் போனால் எல்லாமே மாறும். நியூயார்க்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்பார்கள். பென்சில்வேனியாவில் வருஷ முடிவில் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். அதனால் யாரும் கேட்காவிட்டாலும் ஒரு பைல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு கணக்குத் தாள், ஒரு கையெழுத்துத் தாள், வாசித்த புத்தகங்களின் பட்டியல் போதும். ஒருவேளை ஊருக்கே திரும்ப வேண்டி வந்தாலும் அந்த பைல் கைகொடுக்கும். அங்கே 14 வயதுக்குப் பிறகு என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வழியும் இருக்கிறது.

விசாவுக்கு ஒன்றும் ஆகாது. நம் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுப்பது வேலை இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுத்தால் அது வேலை. ஹெச்-4-இல் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. சபைப் பிள்ளைகள்தானே, காணிக்கை மாதிரி ஏதோ கொடுக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 விண்ணப்பம் அனுமதி ஆன பிறகு இஏடிக்கு விண்ணப்பிக்க 2015-லிருந்து வழி இருக்கிறது. அது வந்தால் வேலைக்குப் போவதா வீட்டில் இருப்பதா என்று மறுபடி யோசித்துக்கொள்ளலாம். விசா கட்டிப்போட்டதால் வீட்டில் இருப்பது வேறு, நாமே விரும்பி இருப்பது வேறு. எனக்கு முதல் நான்கு வருஷம் முதலாவது வகைதான். ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் "வீட்ல சும்மாதான் இருக்கியா?" என்று கேட்பார்கள். வைத்த பிறகு குளியலறையில் போய் அழுவேன். உங்களுக்கும் அப்படி இருந்தால், அது விசுவாசக் குறைவு இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒன்பது வருஷமாக வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு இப்போது 15. நானும் உங்களை மாதிரியே பயந்துதான் ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் பிள்ளையைக் கெடுத்துவிடும், இந்தத் தேசம் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தோடு முதல் வருஷம் வீட்டை ஒரு பள்ளிக்கூடமாக்கினேன். எட்டு மணிக்கு மணி அடிக்காத குறை. சுவரில் வெள்ளைப் பலகை, பாடவேளை அட்டவணை, வசனம் தப்பாகச் சொன்னால் பத்து முறை எழுது என்று தண்டனை வேறு. கைக்குழந்தை ஒரு பக்கம் அழும், மூத்தவள் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் ஒரு பக்கம் அழுவாள், நான் கத்துவேன். ஒரு ராத்திரி படுக்கப் போகும்போது அவள் கையைக் குவித்து ஜெபித்தாள்: "இயேசப்பா, நாளைக்கு அம்மா கத்தக் கூடாது. ஆமென்." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. நிஜமாகவே ஆண்டவரிடம்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பலகையைக் கழற்றிவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கிற வேலை ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. வகுப்பில் இருபது பேரை வரிசையில் நிற்க வைக்கும் நேரமெல்லாம் வீட்டில் கிடையாதே. அது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் காலைச் சாப்பாட்டு மேசையில்தான். நம்மில் பலருக்கு அது ராத்திரி வழக்கம், தெரியும். ஆனால் என் கணவருக்கு ராத்திரியில் இந்தியாவில் இருக்கும் அலுவலக அணியோடு போன் மீட்டிங் இருக்கும். ஒரு வருஷம் காத்திருந்து பார்த்து, பிள்ளைகள் தூங்கி விழுந்து, கடைசியில் காலைக்கு மாற்றினோம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பத்து நிமிஷம். அதற்கு முன்னால் எனக்கென்று அரை மணி நேரம் எழுந்துவிடுவேன். அதை விட்டுவிட்ட நாட்களில் பதினோரு மணிக்கெல்லாம் என் குரல் உயர்ந்துவிடும், நானே கவனித்திருக்கிறேன். அப்புறம் கணக்கு, மூளை புதிதாக இருக்கும்போதே. வாசிப்பு சோபாவில், மடியில். உங்கள் மூன்று வயது மகனைத் துரத்தாதீர்கள். அதே மேசையில் அவனுக்கும் ஒரு தாளும் கிரேயானும் கொடுங்கள், கேட்டுக்கொண்டே கற்றுக்கொள்வான். ஜூலை, ஆகஸ்டில் ஒன்பது மணிக்குள் வெளியே விளையாடி முடித்துவிட வேண்டும், அதன் பிறகு வெயில் தாங்காது. மத்தியானம் நூலகம்.

தமிழ் சொல்லிக்கொடுப்பது தனிக் கவலை என்று நினைக்காதீர்கள், நமக்கு வேதாகமம் இருக்கிறது. இங்கே கோடையில் சாயங்காலம் ஏழரை மணி என்றால் ஊரில் காலை ஆறு. அப்போது என் மாமியார் வீடியோவில் வருவார், பேத்தி ஒரு வசனம் வாசிப்பாள், அவர் உச்சரிப்பைத் திருத்துவார். சங்கீதம் 23 படிக்கும்போது இரண்டாமவன் "தாழ்ச்சியடையேன்"னா என்ன, லிஃப்டில் கீழே போக மாட்டேன் என்று அர்த்தமா என்று கேட்டான். குறைவு வராது என்று அர்த்தம், என்றேன். அந்த வாரம்தான் கணவருக்கு வேலை போயிருந்தது. ஹெச்-1பி-யில் வேலை போனால் 60 நாள் கெடு, அதற்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். பிள்ளைகளிடம் மறைக்கலாமா என்று இருவரும் பேசினோம். நாள் முழுக்க வீட்டில் கூடவே இருக்கிற பிள்ளைகளிடம் எதை மறைப்பது? சொல்லிவிட்டோம். காலண்டரில் நாள் எண்ணினோம், அதுவே அந்த மாதக் கழித்தல் கணக்கு. அப்பா நேர்காணலில் பேசும்போது அடுத்த அறையில் மூன்று பேரும் முழங்காலில் இருந்தார்கள். 47-வது நாள் புது நிறுவனம் விண்ணப்பம் போட்டது. எங்களைவிட நன்றாக ஜெபித்த ஒரு குடும்பத்துக்கு அப்படி நடக்கவில்லை, அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அதையும் பிள்ளைகள் பார்த்தார்கள், இரண்டாமவன் அவர்களுக்காக இன்றுவரை ஜெபிக்கிறான். "தாழ்ச்சியடையேன்" என்ற சொல்லை அவர்களுக்கு விளக்க அதற்குப் பிறகு எனக்குத் தேவை வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பயந்து ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பிள்ளை நம் பாடத்தைவிட நம் முகத்தைத்தான் அதிகம் படிக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் விசுவாசத்தை விட்டுவிடுவதில்லை. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தும் வாலிபர்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள்தான் அதிகம். வீட்டில் படித்துவிட்டுச் சபைப் பக்கமே வராதவர்களும் உண்டு. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொன்ன கட்டளை, பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வரும் அம்மாவுக்கும் அதேதான். இந்த இரண்டு வழியில் எதை எடுத்தாலும் நீங்கள் பாவம் செய்யவில்லை. கணவர் மனதார ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, உங்கள் மனம் ஏற்கெனவே சோர்ந்து இருக்கிறது என்றாலோ, இந்த வருஷம் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அதில் வெட்கம் இல்லை. மகன் மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் உங்கள் பகுதிப் பள்ளி மாவட்டத்தில் பரிசோதனை கேட்கலாம், கட்டணம் கிடையாது. எழுத்தில் கேளுங்கள்.

இங்கே வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான குழுக்களில் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். சில குழுக்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும், நன்றாக வாசித்துவிட்டுப் போடுங்கள். அன்பான மக்கள். நான் பிரசவித்து வந்தபோது இரண்டு வாரம் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதற்கு முன் அவர்களில் பாதிப் பேரை எனக்குப் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர்கள் வாங்கச் சொல்லும் வரலாற்றுப் புத்தகங்களை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஒரு புத்தகத்தில் இந்தியா என்றாலே இருட்டு, வெள்ளைக்காரர் வந்தார், வெளிச்சம் வந்தது என்று இருந்தது. "அமெரிக்கா சொல்லித்தான் பாட்டிக்கு இயேசுவைத் தெரியுமா?" என்று மகள் கேட்டாள். அன்றைக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நம் கதையைச் சொன்னேன். 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடியில் இறங்கியதையும், தமிழ் கற்று, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதையும். இந்த நாடு பிறக்க அறுபது வருஷம் இருக்கும்போதே நம் மொழியில் வேதம் இருந்தது என்று அவள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றதையும், பாளையங்கோட்டையில் கிளோரிந்தா அம்மாள் 1785-இல் ஆலயம் கட்டியதையும் சொன்னேன். இப்போது ஒவ்வொரு வருஷமும் நம் சபை வரலாற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்குகிறோம். மகளுக்கு மிகவும் பிடித்தவர், பிறகு பேராயரான தமிழர் வேதநாயகம் அசரியா. 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்து, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். அவள் அந்த வார்த்தையைச் சொன்ன அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் இந்த ஊரில் எனக்கும் முதல் நாளிலிருந்து வேண்டியிருந்தது அதுதான்.

ஆகவே பாடப்புத்தகம் வாங்குவதற்கு முன்னால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். டாலஸ் பக்கம் கார் இல்லாத அம்மாவுக்கு நூலகம் கிடையாது, குழு கிடையாது, புதன்கிழமை ஜெபக்கூட்டமும் கிடையாது. நமக்குக் கிடைக்கும் உரிமம் தங்கும் அனுமதி முடியும் தேதியோடு முடிந்துவிடும். அதனால் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வையுங்கள். ஒரு முறை எனக்கு மூன்று மாதம் உரிமம் இல்லாமல் போனது. அந்த மூன்று மாதம் பிள்ளைகளுக்குப் பாடம் குறையவில்லை, எனக்குத்தான் மூச்சு முட்டியது. வாரத்தில் ஒரு காலையாவது இன்னொரு பெண்ணோடு உட்கார்ந்து பேசி ஜெபியுங்கள். தமிழ்ச் சபையா இங்குள்ள ஆங்கிலச் சபையா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒருத்தி எங்கே இருக்கிறாளோ அங்கே போங்கள்.

மகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறதா, இல்லை எழுத்துகள் மட்டும் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தமிழில் எவ்வளவு, ஆங்கிலத்தில் எவ்வளவு என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன். என் கடைசிப் பிள்ளை தாண்டிவிட்ட வாசிப்பு அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை எடுத்துவருகிறேன்.