பட்டிஸ்டாவின் பத்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

நேற்று இரவு ‘பிளேட் ரன்னர் 2049’ மூன்றாவது முறை பார்த்தேன். டேவ் பட்டிஸ்டா சுடப்பட்டு விழுந்ததும் இம்முறையும் படத்தை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப உட்கார்ந்தேன். மொத்தமே பத்து நிமிடம் வருவாரா? நண்பர்கள் சிரிக்கிறார்கள். “ரெஸ்லிங்காரனுக்கு உடம்புதான் எல்லாம், இதுல நடிப்பு எங்க இருக்கு?” என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கலாம் என்றும் ஓர் ஆதங்கம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. அந்த உடம்பு இல்லாமல் அந்தக் காட்சி கிடையாது. ஆனால் அந்த உடம்பை அவர் எப்படி அடக்கி வைத்திருக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. (படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதையைப் போட்டு உடைக்கப் போகிறேன்.)

பட்டிஸ்டா நடிக்கும் சாப்பர் மார்ட்டன் புழு வளர்க்கும் பண்ணைக்காரர். வேலை முடிந்து வீட்டுக்குள் வருகிறார். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. அவரைத் தீர்த்துக்கட்ட வந்த போலீஸ்காரன் கே, அதாவது ரயன் காஸ்லிங், உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இருவருமே மனிதர்போலச் செயற்கையாக உருவாக்கப்பட்டவர்கள்; சாப்பர் பழைய மாடல், கே புதிய மாடல். வீட்டில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொண்டேன் என்கிறான். அழுக்கு பரவாயில்லை, சொல்லாமல் வருவதுதான் பிடிக்காது என்கிறார் சாப்பர். என்ன வாசனை என்று கேட்டால் பூண்டு, எனக்காக மட்டும் வளர்க்கிறேன் என்கிறார். கொஞ்சம் சாப்பிட்டுப் பார் என்று வேறு சொல்கிறார். கொல்ல வந்தவனிடம்! இத்தனையும் குரல் உயராமல். அவ்வளவு பெரிய முகத்தில் ஒரு குட்டி மூக்குக்கண்ணாடி. நாற்காலி, மேசை எல்லாம் உடைந்துவிடுமோ என்று பயந்து வாழ்கிற மனிதர்போல இருக்கிறார்.

இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் அந்தப் பையைக் கவனித்தேன். ராணுவ மருத்துவப் பை. போர்க்களத்தில் வைத்தியம் பார்த்தவர் அவர். அப்புறம்தான் அந்தக் குரல் பிடிபட்டது. நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லிப் பழகிய மருத்துவரின் குரல் அது. இங்கே நோயாளி கே. தனக்கு நோய் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

இயக்குநர் டெனி வில்நூவ், இந்த வேடத்துக்குப் பட்டிஸ்டாவின் வயது போதாது என்று முதலில் தயங்கியிருக்கிறார். பட்டிஸ்டாவுக்கு அப்போதே நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது. வயதான ஒப்பனை போட்டு நடித்துக்காட்டித்தான் வாங்கினார். அதே இயக்குநர் பிறகு ‘டியூன்’ படத்தில் அவரை ரப்பான் என்ற வில்லனாகக் கத்தவிட்டது வேறு கதை. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை.

இன்னும் நாலு காட்சி என்கிறீர்களே, அங்கே நான் உடன்படவில்லை. சாகும் முன் சாப்பர் ஒன்று சொல்கிறார்: புதிய மாடல்களான நீங்கள் இந்தக் கேவலமான வேலையைச் செய்வதற்குக் காரணம், நீங்கள் ஓர் அற்புதத்தைப் பார்த்ததே இல்லை. படத்தின் நீளம் 163 நிமிடம். அது என்ன அற்புதம் என்று கே தேடி அலைவதுதான் மீதிக் கதை. சாப்பர் உயிரோடு இருந்தால் யாராவது அவரிடம் கேட்டிருப்பார்கள், அவரும் விளக்கியிருப்பார். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவரை இன்னும் பார்க்க வேண்டும் என்றால் லூக் ஸ்காட் இயக்கிய ஒரு குறும்படம் இருக்கிறது, 2017இல் வந்தது. சாப்பர் எப்படி மாட்டிக்கொண்டார் என்பதைக் காட்டும். நல்ல படம்தான், ஆனால் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பெரிய படத்துக்கு வராதீர்கள். அந்தக் கண்ணாடிக்காரர் யார் என்று நாமாக யோசிக்கிற சுகம் போய்விடும்.

உங்கள் நண்பர்களுக்கு ஒரே ஓர் இடத்தைப் போட்டுக்காட்டுங்கள். சண்டை முடிந்துவிட்டது. சுவரெல்லாம் உடைந்து கிடக்கிறது. எழுந்திருக்காதீர்கள் என்று கே கெஞ்சாத குறையாகச் சொல்கிறான். சாப்பர் அவனைப் பார்க்கிறார். எழுந்தால் சுடுவான் என்று தெரியும். ஜெயிக்கிற உத்தேசமும் இல்லை. வேலைக்குக் கிளம்புகிறவர்போல, அவசரமில்லாமல் எழுந்திருக்கிறார்.