ராக்கிங் சேரின் கொக்கி

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு எழுபது நிறைந்ததற்காக எங்கள் ஊர் ஆசாரியிடம் தேக்கில் ஒரு ராக்கிங் சேர் செய்யக் கொடுத்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்துச் செய்தார். வேலை சுத்தம். ஆனால் அப்பா உட்கார்ந்த வேகத்தில் "பின்னால இழுக்குதுப்பா" என்று எழுந்துவிட்டார். நான் உட்கார்ந்தாலும் மல்லாந்துவிடுவேனோ என்றுதான் இருக்கிறது. ஆட ஆட டைல்ஸ் தரையில் பின்னுக்கே நகர்ந்து சுவரை முட்டுகிறது. அடியில் ஐந்து கிலோ இரும்புப் பட்டை அடித்தால் சரியாகும் என்கிறார் ஆசாரி. இருக்கை உயரம் 18 அங்குலம். அடியில் வளைந்த கட்டை நுனிக்கு நுனி 30 அங்குலம். அதன் நடு தரையைத் தொடும்போது இரு நுனிகளும் 4 அங்குலம் தூக்கி நிற்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்று படித்தேன், உண்மையா? நம்மிடம் ஊஞ்சல் இருக்க, வெள்ளைக்காரர்கள் இதில் என்ன கண்டார்கள்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்,

அளவுகளோடு எழுதியதற்கு நன்றி. கோளாறு அந்த அளவுகளிலேயே தெரிகிறது. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினால் அதை எளிதாகச் சொல்லிவிடலாம்.

ராக்கிங் சேரும் ஒரு ஊஞ்சல்தான். உத்தரத்து ஊஞ்சலின் கொக்கி கண்ணுக்குத் தெரிகிறது, இதன் கொக்கி தெரிவதில்லை. அடியில் வளைந்த கட்டையை வில் என்று வைத்துக்கொள்வோம். அந்த வில் ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அந்த வட்டத்தின் மையம் தரைக்கு மேலே காற்றில் எங்கோ இருக்கிறது. அதுதான் கொக்கி. உட்கார்ந்திருப்பவரின் எடைமையம், அதாவது உடம்பின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, அந்தக் கொக்கிக்குக் கீழே எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவு உறுதியாக நாற்காலி திரும்பி வரும். எடைமையம் கொக்கியை எட்டிவிட்டால் திரும்பி வராது, கவிழும்.

உங்கள் வில்லைக் கணக்கிடுவோம். நுனிக்கு நுனி நீளத்தில் பாதி 15. அதை அதனாலேயே பெருக்கினால் 225. நுனி உயரமான 4-ஆல் வகுத்து, அந்த 4-ஐயே கூட்டி, பாதியாக்கினால் ஏறத்தாழ 30 அங்குலம் வரும். அதுதான் ஆரம், அதாவது தரையிலிருந்து கொக்கியின் உயரம். உட்கார்ந்திருப்பவரின் எடைமையம் பலகைக்கு மேலே சுமார் 9 அங்குலத்தில், தொப்புளை ஒட்டி இருக்கும். 18-ம் 9-ம் 27. மிச்சம் வெறும் 3 அங்குலம். அப்பாவின் நெஞ்சுக்குழியில் கொக்கியை மாட்டி, தொப்புளில் அவரைத் தொங்கவிட்டிருக்கிறார் ஆசாரி. கை இரண்டையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டாலே அந்த மிச்சமும் குறையும். அவர் "இழுக்குது" என்றது பயத்தால் அல்ல.

நன்றாக ஆடும் நாற்காலிகளில் ஆரம் 42 அங்குலத்தை ஒட்டியும் இருக்கை 16 அங்குலத்தை ஒட்டியும் இருக்கும். கொக்கி தாடை மட்டத்துக்கு ஏறிவிடும், மிச்சம் 17 அங்குலம். ஒரு முறை போய்வர இரண்டு நொடிக்குச் சற்று மேல் பிடிக்கும். உங்களுடையது ஐந்து நொடிக்கு மேல் எடுக்கும். பின்னால் போனது வருமா வராதா என்று யோசிப்பதுபோலத் தோன்றும். அதற்காக ஆரத்தை 60-க்கு மேல் கொண்டுபோனாலும் சரிவராது, வெடுக் வெடுக்கென்று உலுக்கும்.

இரும்புப் பட்டை யோசனையில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ என்றால், தரையை ஒட்டி 5 கிலோ சேர்க்கும்போது எடைமையம் ஒன்றரை அங்குலம் இறங்கும். 3 அங்குலம் நாலரை ஆகும், அவ்வளவுதான். காசு விரயம். வில்லை மாற்றுங்கள்.

புது வில் நுனிக்கு நுனி 36 அங்குலமாவது இருக்கட்டும். 42 ஆரத்தில் நுனி 4 அங்குலமே தூக்கும். பார்வைக்குப் பழையதுபோலத்தான் தெரியும். வில்லின் பின்பக்க வால் முன்பக்கத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், மல்லாராமல் கடைசியில் தாங்குவது அதுதான். ஒரே பலகையில் அறுத்து எடுக்க வேண்டாம். மரத்தின் ரேகை நேராக ஓடும், வில் வளைந்து போகும். நுனிப்பக்கம் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, ஒரு நாள் பொட்டென்று உடையும். 3 மி.மீ. தடிப்பில் பன்னிரண்டு பட்டைகளை அறுத்து, ப்ளைவுட் அச்சின்மேல் பசை தடவி அடுக்கி, சி-கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்த அன்றே, தின்னரால் துடைத்துவிட்டு ஒட்டாவிட்டால் பிரிந்துவிடும். இரண்டு வில்லுக்கும் ஒரே அச்சு. பிறகு இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒன்றாகவே இழைக்க வேண்டும். தனித்தனியாக இழைத்தால் நாற்காலி ஆடும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போகும்.

கால்களை 2 அங்குலம் குறைத்து வில்லில் இறக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அவசரத்தில் விட்டுவிடுவார்கள். காலின் முனையில் துளைக்குள் நுழையும் கழுந்துக்குப் பசை வைக்காமல், வில்லைக் காலோடு கிளாம்ப் போட்டு மட்டும் பிடித்து, அப்பாவையே உட்காரவையுங்கள். பின்னாலும் இரண்டு பேர் நிற்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது முதுகு இதமாகச் சாய்ந்து, பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும். இல்லையென்றால் வில்லை அரை அங்குலம் முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள். அந்த அரை அங்குலத்தில் நாற்காலியே வேறாகிவிடும். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு துளை எடுக்கலாம்.

பின்னுக்கு நகர்வதற்குக் காரணம் பாதம். ஆட்டுவதற்காகத் தரையை முன்னோக்கி உந்துகிறோம், வழவழப்பான டைல்ஸில் நாற்காலி அதற்கு எதிராகச் சறுக்குகிறது. அதற்கு வில்லின் அடியில் மெல்லிய தோல்பட்டை ஒட்டலாம், அல்லது வில் முழுவதும் உள்ளே அடங்கும் அகலத்தில் கெட்டியான பவானி ஜமுக்காளம் ஒன்றை விரிக்கலாம்.

பிராங்க்ளின் கதை கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த நாற்காலி புழங்கத் தொடங்கிவிட்டது, செய்தவர் பெயர் எதுவும் நிற்கவில்லை. தொட்டிலுக்கு வில் வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் அதற்கு வெகு முந்தையது. அதைச் சாதாரண நாற்காலியின் காலை அறுத்து மாட்டினார்கள். அப்படி மாற்றப்பட்ட பழைய நாற்காலிகள் இன்றும் கிடைக்கின்றன. தேய்ந்த பாதமோ வெட்டிய தழும்போ காட்டிக்கொடுத்துவிடும். துறவு வாழ்க்கை வாழ்ந்த ஷேக்கர்கள் என்ற கிறித்தவக் குழுவினர் இதை முதலில் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் செய்தார்கள். பிறகு நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனானில் 0 முதல் 7 வரை அளவு எண் போட்டு விற்றார்கள். சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல நாற்காலிக்கும் பார்த்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஆள் மாறினால் எடைமையம் மாறும் என்பதைக் கையால் கற்றவர்கள்.

வெள்ளைக்காரர்கள் என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. 1830-களில் அமெரிக்காவைச் சுற்றிய ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்டினோவுக்கு இந்தப் பழக்கமே பிடிக்கவில்லை. விடுதிக் கூடத்தில் பெண்கள் ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு வேகத்தில் ஆடுவதைப் பார்த்துப் புதியவருக்குத் தலை சுற்றும் என்று எழுதினார். ஐரோப்பியக் கூடங்களுக்குள் இதைப் பெரிய அளவில் கொண்டுபோனவர் வியன்னாவின் மைக்கேல் தோனெட். பீச் மரத்தடியை ஆவியில் வேகவைத்து, வெளிவளைவில் இரும்புப் பட்டை கட்டி வளைப்பார். வெந்த மரம் அமுங்கும், ஆனால் இழுபடாது. அந்த இழுப்பை இரும்பு ஏற்றுக்கொள்ளும். அவருடைய முதல் ராக்கிங் சேர் 1860-இல் வந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடிக்கு 1955-இல் இதைப் பரிந்துரைத்தவர் அவருடைய முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜேனட் டிராவல். ஒரே நிலையில் உறைந்து உட்காராமல் தசைகள் மாறி மாறி வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. ஊஞ்சலுக்கு உத்தரம் வேண்டும், சங்கிலி வேண்டும், நாலு திசையும் காலியாக இருக்க வேண்டும். இதைத் தூக்கி ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம். பெரிய வித்தியாசம் அதுதான்.

அப்பாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள். உட்காரும்போதும் விழ வாய்ப்பு உண்டு. முழங்காலின் பின்பக்கம் இருக்கையில் பட்ட பிறகு, இரு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பின்சுவருக்கும் வாலுக்கும் இடையே ஒன்றரை அடி விடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், ஆள் எழுந்ததும் நாற்காலியைத் திருப்பிச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுங்கள். வில்லுக்கு அடியில் விரல் போனால் நசுங்கிவிடும்.